அப்பா ஃபோன் 35 பர்சன்ட்ல ஆஃப் ஆவுதா? போர்டுல கை வைக்க விடாத, மொதல்ல இதெல்லாம் பாரு

தம்பி, நீ கேட்டத ஒருதரம் நானே சுருக்கிச் சொல்லிடுறேன், சரியான்னு பாத்துக்க. ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், நீ இருக்கறது சிங்கப்பூர்ல, அப்பா கையில இருக்க ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கி மூணு வருஷம் தாண்டிருச்சு. 35, 40 பர்சன்ட் காட்டுறப்பவே பட்டுனு ஆஃப் ஆயிடுது, சார்ஜர சொருகி ஆன் பண்ணா மறுபடி அதே 35ல வந்து நிக்குது. சார்ஜ் முன்னவிட சீக்கிரம் ஏறுது, அதே வேகத்துல எறங்கியும் போவுது. கடையில காட்டுனதுக்கு போர்டு (உள்ள இருக்க மெயின் சர்க்யூட் பலகை) கம்ப்ளைன்ட், அதுல இருக்க ஐசி, அதாவது சிப்பு, மாத்தணும், மூவாயிரத்து ஐநூறு ஆவும்னுட்டாங்க. சம்பா அறுத்து நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போற நேரம், ஓடிபி வர்றப்ப பாத்து ஃபோன் செத்துப் போவுதுன்னு அப்பா கடுப்புல இருக்காரு. பேட்டரி மாத்துறதா, போர்டு பாக்குறதா, புது ஃபோன் வாங்கிக் குடுத்துடுறதா, இதான கேள்வி?

நீ சொல்ற அடையாளத்த வெச்சுப் பாத்தா பேட்டரிதான். போர்டா இருக்கவே முடியாதுன்னு நான் சொல்லல, ஆனா இந்த அடையாளத்துக்கு போர்டுல இருந்து ஆரம்பிக்கிறது தலகீழ் வேல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா நீ ஊர்ல இல்ல, ஃபோன்லயே அப்பாவுக்கு சொல்லி செய்ய வைக்கணும், வெவரம் தெரிஞ்சாதான் கடைக்காரர்கிட்டயும் நீ பேச முடியும்.

மேல மூலையில காட்டுது பாரு பர்சன்ட், அது பேட்டரிக்குள்ள எட்டிப் பாத்து எழுதுற கணக்கு இல்ல. எவ்வளவு கரண்ட் உள்ள போச்சு, எவ்வளவு வெளிய போச்சு, இப்ப வோல்ட்டேஜ் என்ன, சூடு என்னன்னு உள்ள இருக்க ஒரு சின்ன சர்க்யூட் கூட்டிக் கழிச்சுச் சொல்ற மதிப்பு, அவ்வளவுதான். பேட்டரி புதுசா இருக்கறப்ப மதிப்பு சரியா வரும், பழசாவ பழசாவ பிசகும். லித்தியம் பேட்டரி ஃபுல்லா இருந்தா 4.2 வோல்ட், இப்ப வர்ற மாடல்ல 4.4 வரைக்கும்கூட இருக்கும், எறங்கி சுமார் 3.4 கிட்ட வந்துச்சுன்னா ஃபோன் தன்னைக் காப்பாத்திக்கத் தானா மூடிக்கும். இப்படி பட்டுனு ஆஃப் ஆவுறதுக்கு பர்சன்ட் காரணம் இல்ல, இந்த வோல்ட்டேஜ்தான் காரணம்.

இப்ப பழைய பேட்டரிக்கு ரெண்டு வியாதி வரும். ஒண்ணு, கொள்ளளவு கொறையும், அதான் சீக்கிரம் ரொம்புது, சீக்கிரம் தீந்துடுது. ரெண்டாவது, உள்ள தடை ஏறிடும், அதான் அப்பா ஃபோனு. நம்ம ஊர்ல இத சொல்லிப் புரிய வைக்கிறது சுலபம்: மேட்டூர்ல தண்ணி இருக்கு, தெறந்தும் விட்டாச்சு, ஆனா வாய்க்கா தூர் வாராம கெடந்தா கடமடைக்கு வந்து சேருமா? பேட்டரிக்குள்ள 35 பர்சன்ட் சரக்கு நெஜமாவே இருக்கலாம். சும்மா கடிகாரம் காட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் கேக்குற கொஞ்சத்த குடுத்துரும், ஆனா கேமராவ தெறந்தா, டார்ச் அடிச்சா, சிக்னல் கொறஞ்ச எடத்துல கால் பேசுனா ஒரே நேரத்துல நெறய கரண்ட் கேக்கும், அந்த நொடி வோல்ட்டேஜ் சடக்குன்னு 3.4க்குக் கீழ விழுந்துரும், ஃபோன் ஆஃப். சார்ஜர சொருகுனதும் சொமைய சார்ஜர் தாங்கிக்குது, அதனால ஆன் ஆவுது, சரக்கு உள்ளயே இருந்ததால அதே 35ஐ காட்டுது. நீ எழுதுனதுல எனக்கு முக்கியமாப் பட்டது இந்த ஒரு வரிதான். அப்பாகிட்ட கேட்டுப் பாரு, எப்ப ஆஃப் ஆவுது, சும்மா பையில இருக்கறப்பவா இல்ல ஃபோட்டோ எடுக்கறப்ப, வீடியோ கால் பேசுறப்பவான்னு. வேல குடுக்கறப்பதான்னா பேட்டரிங்கறது கிட்டத்தட்ட உறுதி.

இதுக்கெல்லாம் முன்னாடி, இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. கவர கழட்டச் சொல்லி, ஃபோன சமமான டேபிள் மேல மல்லாக்க வைக்கச் சொல்லு. ஆடுதா (கேமரா மேடு முட்டி வர்ற ஆட்டம் கணக்கில்ல)? பின்மூடி ஓரத்துல எங்கயாவது நகம் நொழையிற மாதிரி எடைவெளி விட்டுருக்கா? டிஸ்ப்ளே ஒரு பக்கம் லேசா தூக்கிருக்கா, இல்ல நடுவுல தொட்டா ஒரு எடத்துல மட்டும் வெளுத்துத் தெரியுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம், உள்ள இருக்க ரசாயனம் கெட்டு கேஸ் ஆயிருக்கும். அப்படி இருந்தா மேல படிக்கவே வேணாம், சார்ஜ் போடக்கூடாது, ஆஃப் பண்ணி சிமென்ட் தரையில துணிமணி, வைக்கப்போரு எதுவும் பக்கத்துல இல்லாத எடத்துல வெச்சுட்டு, மறுநாளே கடைக்கு கொண்டு போவணும். அழுத்தி உள்ள தள்ளுறது, ரப்பர் பேண்டு போடுறது, ஊசியால குத்தி காத்த எறக்குறதுன்னு சிலபேரு செய்வாங்க, குத்துனா தீப்பிடிக்கும், வெளையாட்டு இல்ல. புகையிற மாதிரி இருந்தா கையால எடுக்க வேணாம், மெயின அணைச்சுட்டு வெளிய வந்துரணும்.

(அப்பா காலத்து ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல. நோக்கியா பிஎல்-5சி பேட்டரிய கழட்டி டேபிள்ல வெச்சு பம்பரம் மாதிரி சுத்தி விடுவாங்க, சுத்துச்சுன்னா உப்பிருச்சு, நின்னுச்சுன்னா நல்லாருக்கு. 2007ல அந்த பேட்டரியில 4 கோடியே 60 லட்சம் சூடாவ வாய்ப்பிருக்குன்னு கம்பெனியே அறிவிச்சு மாத்திக் குடுத்துச்சு. அப்ப மூடிய நகத்தால நெம்புனா பேட்டரி கையில வந்துடும், இப்ப பசை போட்டு ஒட்டி உள்ள பொதைச்சு வெச்சுட்டாங்க, அதனால உப்புனது நமக்கு கடைசியாத்தான் தெரியுது.)

பேட்டரி உப்பாம இருக்குன்னு வெச்சுக்குவோம். மூணு வருஷத்துல பேட்டரி போறது ஏமாத்து வேலையோ மட்டமான ஃபோனோ இல்ல, அதோட ஆயுசே அவ்வளவுதான். சைக்கிள்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, மொத்தமா 100 பர்சன்ட் செலவாச்சுன்னா ஒரு சைக்கிள், ஒரே நாள்ல ஆனாலும் சரி, ரெண்டு நாள் அம்பது அம்பதா ஆனாலும் சரி. ஐஃபோன் 14 வரைக்கும் 500 சைக்கிள்ல 80 பர்சன்ட் கொள்ளளவு நிக்கும்னு ஆப்பிளே சொல்றான், 15ல இருந்து 1000ங்கறான். ஐரோப்பாவுல 2025 ஜூன்ல இருந்து விக்கிற ஃபோனுக்கு 800 சைக்கிள் தாங்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க. அப்பா ஒரு நாளைக்கு ஒரு ஃபுல் சார்ஜ் போடுறாருன்னா மூணு வருஷத்துக்கு ஆயிரத்த தாண்டிருச்சு, அந்த பேட்டரி பட்ட பாட்டுக்கு இவ்வளவு நாள் வந்ததே பெருசு.

இப்ப சந்தேகம் தீர ஒரு டெஸ்ட். உனக்கு ராத்திரி பத்து மணின்னா அப்பாவுக்கு ஏழரை, சாப்புட்டு உக்காந்துருப்பாரு, வீடியோ கால் போடு. சித்தி ஃபோன்லயோ பக்கத்து வூட்டு ஃபோன்லயோ பேசிக்கிட்டே அப்பா ஃபோன காட்டச் சொல்லு. படுக்கறதுக்கு முன்னாடி ஃபுல் சார்ஜ் ஏத்தி, சார்ஜர கழட்டி, ஃப்ளைட் மோட் போட்டு வெச்சுட்டுத் தூங்கச் சொல்லு. காலையில எழுந்து எத்தன பர்சன்ட்னு பாக்கணும். ரெண்டு மூணு பர்சன்ட்தான் கொறஞ்சிருக்குன்னா போர்டுல எங்கயும் கரண்ட் ஒழுகலன்னு அர்த்தம், போர்டு கம்ப்ளைன்ட் பேச்சு அங்கயே பெரும்பாலும் அடிபட்டுப் போச்சு. மறுநாள் ராத்திரி அதே மாதிரி, ஆனா ஃப்ளைட் மோட் இல்லாம, டேட்டா ஆன்ல. இப்ப பதினஞ்சு இருபதுன்னு எறங்கிருந்தா சிக்னல், ஆப்பு, ரெண்டுல ஒண்ணு தின்னுது, அதையும் பேட்டரியோட சேத்து சரி பண்ணணும். ஃப்ளைட் மோட்லயே நெறய எறங்கி, ஃபோன் சும்மா கெடக்கறப்பவே ஒரு எடத்துல வெதுவெதுன்னு இருந்தா மட்டும் போர்டு பக்கம் சந்தேகப்படலாம்.

செட்டிங்ஸ்ல பேட்டரின்னு போனா எந்த ஆப்பு எவ்வளவு தின்னுருக்குன்னு பட்டியல் இருக்கும், அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லு. சாம்சங்கா இருந்தா சாம்சங் மெம்பர்ஸ் ஆப்புல பேட்டரி நெலமைய பாத்து நல்லாருக்கு, மோசம்னு அதுவே சொல்லும். ப்ளே ஸ்டோர்ல இருக்க பேட்டரி சேவர், ஃபோன் கூலர், பூஸ்டர்னு எதையாவது அப்பா ஏத்தி வெச்சிருந்தா மொத வேலையா அத தூக்கிடு, பேட்டரிய காப்பாத்துறேன்னு சொல்லிட்டு நாள் பூரா விளம்பரம் ஓட்டித் தின்னுறதே அதுங்கதான். வாட்ஸ்அப்புல விவசாய குரூப்பு, ஜாதகக் குரூப்பு, சொந்தக்காரங்க குரூப்புன்னு எல்லாத்துலயும் வர்ற வீடியோ தானா டவுன்லோடு ஆவுற மாதிரி இருக்கும், அத நிறுத்திடு. மத்தபடி ஆப்ப ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளி மூடுறதுல பிரயோஜனம் இல்ல, மறுபடி தெறக்க இன்னும் கொஞ்சம் கூடத்தான் செலவாவும்.

சிக்னல் விஷயத்த நம்ம பக்கத்துல யாரும் கண்டுக்கறது இல்ல, ஆனா கிராமத்து ஃபோனுக்கு பெரிய தீனியே அதுதான். டவர் தூரத்துல இருந்தா ஃபோன் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருக்கு, தென்னந்தோப்புக்கு நடுவுல, கான்கிரீட் ரூமுக்குள்ள, கடமடை ஊர்ல எல்லாம் அது நாள் பூரா தம் கட்டிக் கத்திக்கிட்டே இருக்கும். செட்டிங்ஸ்ல அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ்னு போனா சிக்னல் மைனஸ் கணக்குல டிபிஎம்னு காட்டும், மைனஸ் 85, 90ன்னா நல்லாருக்கு, மைனஸ் 110, 115ன்னா மோசம். 5ஜி ஃபோனா இருந்து ஊர்ல 5ஜி வந்து வந்து போவுதுன்னா பேசாம 4ஜில வெச்சுடு. இன்னொண்ணு, ரெண்டு சிம் போட்டுருக்காரா? ரெண்டாவது சிம் ரீசார்ஜ் பண்ணாம வருஷமா சும்மா கெடக்கா? அது நெட்வொர்க் கெடைக்குமா கெடைக்குமான்னு தேடிக்கிட்டே இருக்கும், அத கழட்டி பீரோவுல வெய்யி. நம்ப மாட்ட, இந்த ஒரு வேலைய செஞ்சுட்டு பேட்டரி நல்லாருக்குன்னு திரும்பிப் போனவங்கள நெறய பாத்துருக்கேன்.

சார்ஜ் ஏறுற பக்கம் அப்பாவுக்கு பிரச்சன இல்லன்னு தெரியுது, அதனால சுருக்கமா முடிச்சிடுறேன். அறுப்பு நேரத்துல களத்துல நிக்கிறவங்க ஃபோன்ல சார்ஜிங் ஓட்டைக்குள்ள நெல்லு சுணையும் தூசியும் போயி பிசினு மாதிரி அடைச்சுக்கும், பின்னு முழுசா எறங்காது, அசைச்சு அசைச்சு வெச்சாத்தான் ஏறும். ஃபோன ஆஃப் பண்ணிட்டு பல்லு குத்துற மரக்குச்சியால மெல்லமா எடுக்கலாம், ஊசி, சேஃப்டி பின்னு வேணாம். வேதாரண்யம், கோடியக்கரை பக்கமா இருந்தா உப்புக்காத்துல பின்னு பச்சை பூத்துரும், அது கடையில சுத்தம் பண்ண வேண்டியது. லோ வோல்ட்டேஜால பேட்டரி போயிடுச்சுன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு, அது சரியில்ல. நல்ல சார்ஜர்ல 100ல இருந்து 240 வோல்ட்னு எழுதிருக்கும் பாரு, அந்த எல்லைக்குள்ள ஏறி எறங்குனா அதுவே சமாளிச்சுக்கும். கரண்ட் போயிட்டு வர்றப்ப அடிக்கிற அடியும் இடியும்தான் ஆபத்து, அதுவும் மொதல்ல கொல்றது சார்ஜரத்தான்.

இப்ப அந்த கடைக்கு வருவோம். அவங்க ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லல, பாக்காம சொல்ல முடியாது. ஆனா பேட்டரிய மாத்திப் போட்டுப் பாக்காம போர்டுன்னு சொன்னா ஒத்துக்காத. டெக்னீஷியன்கிட்ட டிசி பவர் சப்ளைன்னு ஒரு மிஷின் இருக்கும், பேட்டரிய கழட்டிட்டு அதுல இருந்து போர்டுக்கு நேரா கரண்ட் குடுப்பாங்க. பவர் பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி மிஷின்ல ஆம்பியர் சைபர் காட்டணும். அமுக்காமலே கரண்ட் இழுத்துச்சுன்னா ஷார்ட்டு, லீக்கேஜ், அப்ப ஐசி பேச்சு நியாயம். சைபர்ல நின்னு, பட்டன் அமுக்குனதும் ஒழுங்கா ஆன் ஆயி, கேமரா டார்ச் எல்லாம் போட்டும் ஆஃப் ஆவாம ஓடுச்சுன்னா போர்டு நல்லாருக்கு, பேட்டரிதான் போச்சு. அஞ்சு நிமிஷ வேல. அப்பாவ விட்டு கேக்க வைக்காத, பாவம் அவருக்கு அலுப்பு, நீயே கடைக்காரருக்கு ஃபோன் போட்டு 'அண்ணே, டிசியில போட்டுப் பாத்தீங்களா, எவ்வளவு காட்டுச்சு'ன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேளு. வெவரம் தெரிஞ்ச ஆளு பேசுறான்னு புரிஞ்சாலே பாதி கணக்கு மாறும். அவரே பாத்துட்டேன், இத்தன ஆம்பியர் இழுக்குதுன்னு பட்டுனு பதில் சொன்னாருன்னா அவர நம்பலாம்.

பேட்டரி எங்க மாத்துறது? என் கருத்து, தஞ்சாவூரு, கும்பகோணம் மாதிரி எடத்துல கம்பெனி சர்வீஸ் சென்டர் இருந்தா அங்க போறது உத்தமம், வெலை கூடதான், ஆனா சரக்கு ஒரிஜினல்னு நம்பி வாங்கலாம். போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி அந்த மாடலுக்கு பேட்டரி கையிருப்பு இருக்கா, மொத்தம் எவ்வளவுன்னு கேட்டுக்கோ, இல்லாட்டி அப்பா பஸ் ஏறி போயி வெறுங்கையோட திரும்பணும். வெளிக்கடையில மாத்துறதும் தப்பில்ல, மன்னார்குடியிலயும் திருவாரூர்லயும் கை சுத்தமான ஆளுங்க நெறய இருக்காங்க, பேட்டரிதான் பாத்து வாங்கணும். கடைக்காரர் ஒரிஜினல், ஓஜி, கம்பெனி குவாலிட்டின்னு ஆயிரம் பேரு சொல்லுவாரு, பேருக்கு அர்த்தம் கெடையாது. பழைய பேட்டரியில கொள்ளளவு 5000 எம்ஏஎச்னு இருந்து, அதே அளவு, அதே தடிமனுக்கு புதுசுல 6000ன்னு எழுதிருந்தா அது பொய், தொடாத. இந்தியாவுல விக்கிற லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், மேல ஐஎஸ் 16046னும் ஆர்-னு ஆரம்பிக்கிற ஒரு நம்பரும் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்புல அந்த நம்பர போட்டா எந்த கம்பெனின்னு காட்டும். தயாரிச்ச தேதியும் பாரு, ரெண்டு மூணு வருஷமா கடை ரேக்குல படுத்துக் கெடந்த பேட்டரி புதுசு இல்ல, உபயோகிக்காமலே கெழவனாயிருக்கும். மூணு மாசமாவது வாரண்டி பில்லுல எழுதி வாங்கணும்.

மாத்துறப்ப அப்பா எதுக்க உக்காந்திருக்கணும், சாயங்காலம் வாங்கன்னு சொன்னா சாயங்காலமே வர்றேன்னு எடுத்துட்டு வந்துரணும். பின்மூடிய சூடு காட்டி கழட்டுறதால மறுபடி ஒட்டுனாலும் தண்ணி புகாத தன்மை பழையபடி இருக்கும்னு நம்பாதீங்க, மழையில வாய்க்காங்கரையில நிக்கிறவரு, ஒரு பிளாஸ்டிக் பவுச்சு வாங்கிக் குடுத்துரு. குடுக்கறதுக்கு முன்னாடி ஃபோட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் பேக்கப் எடுத்துரு, பேட்டரி மாத்துறதால எதுவும் அழியாது, இருந்தாலும் ஆஃப் ஆயி ஆஃப் ஆயி வர்ற ஃபோன நம்பக்கூடாது. சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டிக்கணும். பேட்டர்ன் லாக்க சொல்லிட்டு வர்ற பழக்கம் வேணவே வேணாம், ஜிபே, ஃபோன்பே, பேங்க் ஆப்பு எல்லாம் உள்ள இருக்கு. சாம்சங்ல மெயின்டனன்ஸ் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அத போட்டுக் குடுத்தா அவங்க டெஸ்ட் பண்ணலாம், நம்ம சமாச்சாரம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரி மாத்தறதுக்கு லாக்கே தேவ இல்ல, கேட்டா அப்பா முன்னாடி நின்னு அவரே தெறந்து காட்டட்டும். சர்வீஸ்ல தகராறு ஆனா நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915, ஞாபகம் வெச்சுக்கோ.

புது பேட்டரி போட்ட மொத வாரம் பர்சன்ட் கொஞ்சம் முன்னபின்ன காட்டும், சர்க்யூட்டுக்கு புதுசு பழக்கமாவணும். ஒருதரம் தானா ஆஃப் ஆவுற வரைக்கும் விட்டு, அப்புறம் எடையில கழட்டாம 100 வரைக்கும் ஏத்துனா போதும். இதையே பழைய பேட்டரிக்கு செஞ்சா சரியாயிடும்னு வீடியோவுல சொல்லுவாங்க, கணக்குதான் நேராவும், போன சக்தி திரும்பாது. மாசாமாசம் சைபர் வரைக்கும் எறக்குறது பேட்டரிக்கு கெடுதல், அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம்.

அதுவரைக்கும் கொள்முதல் நிலையத்து ஓடிபிக்கு என்ன பண்றதுன்னா, வூட்டுல பழைய பட்டன் ஃபோன் கெடக்கும்ல, சிம்ம அதுல போட்டுக் குடுத்துரு. எஸ்எம்எஸ் அதுலயே வரும், சார்ஜும் நாள் கணக்குல நிக்கும். ஜியோ சிம்மா இருந்தா 4ஜி பட்டன் ஃபோன்தான் வேணும், பழைய 2ஜி நோக்கியாவுல அது எடுக்காது. சிம்ம மாத்துனா பணம் அனுப்புற ஆப்பு அந்த ஸ்மார்ட்ஃபோன்ல வேல செய்யாம போவலாம், அதுக்கு ரெண்டு நாள் கையில காசு வெச்சுக்க சொல்லு. இது சரிப்படாதுன்னா ஒரு பவர்பேங்க் சட்டைப்பையில, 50க்குக் கீழ எறங்க விடாம, பேட்டரி சேவர் மோட்ல, வெளிச்சத்தக் கொறச்சு. 50க்கு மேல இருக்கறப்ப வோல்ட்டேஜ் விழுந்தாலும் 3.4 வரைக்கும் வராம தப்பிக்கும், அதான் சங்கதி.

இனிமே எப்படி வெச்சுக்கறதுன்னு கேட்டா ரெண்டே விஷயம்தான் பேட்டரிய தின்னுது, சூடு, அப்புறம் எந்நேரமும் 100லயே வெச்சிருக்கறது. ராத்திரி பூரா சார்ஜ் போட்டா வெடிக்கும்னு பயமுறுத்துறதுல உண்மை கம்மி, ரொம்புனதும் ஃபோனே நிறுத்திக்கும். ஆனா அப்பா தலகாணிக்கு அடியில வெச்சுக்கறாருன்னு எழுதிருக்க பாரு, அது கூடாது, சூடு வெளிய போவ வழி இல்ல. லித்தியம் பேட்டரிய 45 டிகிரிக்கு மேல இருக்கறப்ப சார்ஜ் பண்ணவே கூடாது. தகரம் போட்ட மோட்டார் கொட்டாய்ல சார்ஜ் போடுறது, டிராக்டர் மேல வெயில்ல வைக்கிறது, ரெண்டு மூணு மாசத்துல கத்திரி வந்துரும், அப்ப நெழல்லயே 40 கிட்ட வரும், தகரத்துக்கு அடியில கேக்கணுமா. கொட்டாய்ல கரண்ட் இருக்குங்கறதுக்காக அங்க சொருகாம, வூட்டுக்கு வந்து திண்ணையில போடச் சொல்லு. செட்டிங்ஸ்ல 80லயோ 85லயோ நிறுத்துற வசதி இருந்தா ஆன் பண்ணி வுட்டுரு. இருபதுக்குக் கீழ விடாத, எம்பதுக்கு மேல ஏத்தாதன்னு அவர உக்கார வெச்சு பாடம் எடுக்காத, எழுவது வயசுல அவரு ஃபோனுக்கு காவல் இருக்க முடியாது. ஐப்பசி கார்த்திகையில புயல் சின்னம்னு சொன்னா மட்டும் அந்த கட்டுப்பாட்ட எடுத்துட்டு ஃபோன், பவர்பேங்க் எல்லாத்தையும் 100 வரைக்கும் ரொப்பிடணும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப நம்ம பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம ஜெனரேட்டர் இருக்க எடத்த தேடித் தேடி சார்ஜ் போட்டத யாரும் மறந்துருக்க மாட்டாங்க.

புது ஃபோன் இப்ப வேணாம். டிஸ்ப்ளே நல்லாருக்கு, வேகம் பரவால்லன்னு நீயே எழுதிருக்க, மூணு வருஷ ஃபோனுக்கு பேட்டரி மட்டும் மாத்துனா இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும், அப்பாவுக்கு எல்லா பட்டனும் எங்க இருக்குன்னு கை பழகுன ஃபோனு வேற. ஃப்ளைட் மோட் டெஸ்ட்லயும் தோத்து, டிசியிலயும் லீக்கேஜ் காட்டி, மூவாயிரத்து ஐநூறுக்கு மேல கேட்டா மட்டும் அந்த காச புது ஃபோன்ல போடு. கழட்டுன பழைய பேட்டரிய ஞாபகார்த்தமா வூட்டுக்கு கொண்டு வர வேணாம், குப்பையிலயும் போட வேணாம், 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி திரும்ப வாங்கிக்கறது கம்பெனி பொறுப்பு, சர்வீஸ் சென்டர்லயே குடுத்துட்டு வந்துரலாம்.

மாடல் பேரு என்ன, பின்மூடி தூக்கிருக்கா, ஃப்ளைட் மோட்ல ராத்திரிக்கு எத்தன பர்சன்ட் எறங்குச்சு, இந்த மூணையும் கேட்டு எழுது, டிசியில கடைக்காரர் என்ன சொன்னாருங்கறதையும் சேத்து. அதப் பாத்துட்டு எந்த பேட்டரி, எங்க மாத்தலாம்னு சொல்றேன்.